பவழமாலிகையில் வந்த மூன்று புள்ளி

கொத்தமங்கலம் மலையாண்டி செட்டியார் வீட்டில் நாகவல்லிக்கு என்ன வேலை என்று கேட்டால் ஒரு சொல்லில் சொல்லிவிட முடியாது. நெல் குத்துவாள், புளி ஆய்வாள், மிளகாய் காயப் போடுவாள், காக்கையை விரட்டுவாள், காக்கை வராத நேரத்தில் சமையல்கட்டுப் பூனையை விரட்டுவாள். பிற்பகலில் சாப்பாடு முடிந்து ஆச்சிமார் இரண்டாங்கட்டில் கூடி உட்கார்ந்ததும் கையைக் கழுவிக்கொண்டு வந்து கதை வாசிப்பாள். கதை வாசிப்பதற்கென்று ஆள் வைத்திருக்கிற வீடு சுற்றுவட்டாரத்திலேயே இது ஒன்றுதான், அந்த ஆள் என் பெண்டாட்டி என்று அவள் புருஷன் மருது போகிற இடமெல்லாம் பெருமையடிப்பான். மருதுவுக்கு அந்த வீட்டு மாட்டுவண்டி ஓட்டுகிற வேலை. பெருமையடிப்பது உபதொழில்.

நாகவல்லிக்குப் படிப்பு வந்தது ஒரு விளக்குமாற்றின் புண்ணியத்தில். அவள் ஆத்தா பாதிரிமார் பள்ளிக்கூடம் ஒன்றில் கூட்டிப் பெருக்கியவள். ஆத்தா பெருக்கி முடிக்கிறவரை மகள் கடைசிப் பலகையில் உட்கார்ந்திருப்பாள். சும்மா உட்காரத் தெரியாத பிள்ளை, எழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படித்துவிட்டது. கல்யாணமாகி வந்த பிறகு அந்தப் படிப்பை எங்கே வைப்பது என்று தெரியாமல், வண்டிப்பேட்டை விளம்பரப் பலகைகளையும் தீப்பெட்டி மேலட்டையையும் படித்துக்கொண்டு காலத்தை ஓட்டினாள்.

செட்டியார் வீட்டில் அவள் படிப்பு வெளிப்பட்டது ஒரு கொலைகாரனால். ஆச்சிமார் அப்போது துப்பறியும் நாவல் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டு மருமகள் நாச்சம்மை ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி வாசித்தாள். கொலைகாரன் மாடிப்படியில் ஏறத் தொடங்கி மூன்று நாளாகியும் மேலே வந்து சேரவில்லை. பனையோலையில் கொட்டான் முடைந்துகொண்டிருந்த உண்ணாமலை ஆச்சிக்குப் பொறுமை போய்விட்டது. உண்ணாமலை ஆச்சிதான் மலையாண்டி செட்டியாரின் மனைவி.

"இந்தப் போக்குல ஏறினா அவன் கெழவனாகி, படியிலேயே செத்துப்போவான்" என்றார்.

மூலையில் புளி ஆய்ந்துகொண்டிருந்த நாகவல்லி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள்.

"என்னடி சிரிப்பு? நீ வாசிப்பியா?"

"வாசிப்பேன் ஆச்சி."

வாசித்தாள். கொலைகாரன் அன்றைக்கே மாடிக்கு வந்து, கொலை செய்து, பிடிபட்டும் போனான். மறுநாளிலிருந்து பிற்பகல் புளி வேறொருத்தி கைக்கு மாறியது.

ஆச்சிமார் கதை கேட்கிற அழகே தனி. கை கொட்டானில் இருக்கும், காது கதையில் இருக்கும், வாய் 'ஊம்' கொட்டும். உண்ணாமலை ஆச்சியின் ஊம் கணக்கானது. நீட்டிப் போட்டால் மேலே போ என்று பொருள், வெட்டிப் போட்டால் இதெல்லாம் நடக்கிற காரியமா என்று பொருள். சிகப்பி ஆச்சி, அதாவது செட்டியாரின் காலமான அண்ணனுடைய மனைவி, ஊம் கொட்டுவதோடு நிற்க மாட்டார். கதையில் வருகிற எல்லாருக்கும் யோசனை சொல்லுவார். "அந்தக் கதவத் தெறக்காத, அவன் பின்னாலதான் நிக்கிறான்" என்று எத்தனை கதாநாயகிகளை எச்சரித்திருக்கிறார் தெரியுமா? ஒருத்தி கேட்டாளா?

புத்தகம் வருகிற இடம் கல்லல். அங்கே ரயில் வந்து இரண்டு மூன்று வருஷம்தான் ஆகியிருந்தது. ரயிலடிக்குப் பக்கத்தில் சாதிக் அலி ஒரு கடை போட்டு சோடா, பீடி, ரொட்டியோடு மாதப் புத்தகங்களையும் கயிற்றில் கவிழ்த்துத் தொங்கவிட்டிருந்தார். மருதுவுக்கு எழுத்து தெரியாது. அட்டைப் படத்தில் கத்தியோ துப்பாக்கியோ இருக்கிறதா என்று பார்ப்பான், இருந்தால் வாங்குவான். அந்த முறையில் ஒரு நாளும் தப்பு வந்ததில்லை.

ஒரு மாதம் கயிற்றில் கத்தி இல்லை, துப்பாக்கியும் இல்லை.

"கத்தி இன்னும் வண்டியில வரலப்பா" என்றார் சாதிக் அலி. "இத எடுத்துட்டுப் போ. தொங்கவிட்டு ரெண்டு மாசமாச்சு, ஈகூட உக்கார மாட்டேங்குது."

அட்டையில் ஒரு மரமும் மரத்தடியில் ஒரு செம்பும் இருந்தன. பெயர் 'பவழமாலிகை'. மருது அதைச் சந்தேகத்தோடு வாங்கி, அன்றிரவு கொண்டுவந்து வீட்டில் வைத்தான். விடிந்ததும் நாகவல்லி அதைப் பிரித்தாள். அடுப்பில் கஞ்சி கொதித்துக்கொண்டிருந்தது.

முதல் கதையில் கொலை இல்லை. திருடனோ ஜமீன்தாரோ, கிணற்றில் குதிக்கிற பெண்ணோ யாருமே இல்லை. ஒரு வாத்தியார் பெண்டாட்டியிடம் பக்கத்து வீட்டுக்காரி வந்து விளக்குக்குக் கொஞ்சம் எண்ணெய் கேட்கிறாள். இவளிடம் இருப்பதே ஒரு விளக்குக்குத்தான் காணும். "நெறைய இருக்கு, எடுத்துட்டுப் போங்க" என்று செம்போடு கவிழ்த்து ஊற்றிவிடுகிறாள். வாத்தியார் வந்து, ஏன் விளக்கேற்றவில்லை என்று கேட்கிறார். "நிலா வெளிச்சம் நல்லாயிருக்கே" என்கிறாள். அன்றைக்கு அமாவாசை என்று சொல்லிக் கதை முடிந்துவிட்டது.

நாகவல்லி முதலில் சிரித்தாள். பிறகு கண்ணில் நீர் வந்தது. கஞ்சி பொங்கி அடுப்பை அணைத்தது அதற்கப்புறந்தான் தெரிந்தது. நம் தெருவில் நடப்பதை, நம் வாயில் வருகிற பொய்யை, ஒருவன் எங்கோ உட்கார்ந்து பார்த்தாற்போல் எழுதியிருக்கிறானே என்று அவளுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. எழுதியவன் பெயர் 'முள்ளிப்பள்ளத்தான்' என்று போட்டிருந்தது. மதுரைப் பக்கத்து ஆளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

மருது பல் துலக்கிவிட்டு வந்தான். அவனைப் பிடித்து உட்கார வைத்துக் கதையைச் சொன்னாள்.

"அப்புறம்?" என்றான்.

"அப்புறம் ஒண்ணுமில்ல. அவ்வளவுதான்."

"அமாவாசையில நிலா ஏது?"

"அதுதான் கதை."

"பொய் சொல்லியிருக்கான்னு சொல்லு" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விட்டான். தங்கமான மனுஷன்தான். ஆனால் தங்கத்தைக் கொண்டு எல்லா வேலையும் ஆகுமா? நல்ல பண்டத்தை ஒளித்துவைத்துத் தனியாகத் தின்றதுபோல நாகவல்லிக்கு இருந்தது. இதை ஒருத்தராவது தன்னோடு சேர்ந்து ருசிக்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்குத்தான் அவளுக்குப் பிடித்தது. பிடித்தது விடவில்லை.

அன்று பிற்பகல் அந்தக் கதையை ஆச்சிமாருக்கு வாசித்தாள். சிகப்பி ஆச்சி, "கடைசிப் பக்கம் கிழிஞ்சிருக்கான்னு பாரு" என்றார். நாச்சம்மை கொட்டாவி விட்டாள். உண்ணாமலை ஆச்சி நீட்டியும் போடாமல் வெட்டியும் போடாமல் நடுத்தரமாக ஒரு ஊம் போட்டார். அதற்கு என்ன பொருள் என்று நாகவல்லிக்குப் பிடிபடவில்லை. ஆனால் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. அது போதாதா? அடுத்த மாதத்திலிருந்து கத்திப் புத்தகத்தோடு செம்புப் புத்தகத்தையும் வாங்கிவரச் சொல்லி மருதுவிடம் படித்துப் படித்துச் சொன்னாள். பாதிப் பொழுது துப்பறிவது, மீதிப் பொழுது பவழமாலிகை என்று தானே ஒரு திட்டம் போட்டுக்கொண்டாள்.

வாசிப்பில் அவளுக்கு ஒரு பழக்கமும் வந்தது. கதையை வீட்டில் முன்கூட்டியே படித்துவிடுவாள், கடைசிப் பத்தியை மட்டும் கையால் மூடிக்கொள்வாள். முடிவை ஆச்சிமாரோடு சேர்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்று வைராக்கியம். அந்த வைராக்கியம்தான் அவளை வம்பில் மாட்டிவிட்டது.

ஐப்பசி மாதப் புத்தகத்தில் முள்ளிப்பள்ளத்தான் 'அரை மணி தாமதம்' என்று ஒரு கதை எழுதியிருந்தார். ஒருத்தியின் புருஷன் கொண்டு விற்க, அதாவது அக்கரையில் வியாபாரம் பண்ண, கப்பலேறிப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. இன்றைக்கு வருகிறான். அவள் ரயிலடியில் நிற்கிறாள். வண்டி அரை மணி தாமதம். கதை முழுக்க அந்த அரை மணிதான். முகத்துக்குப் பூசிய மஞ்சளை அதிகம் என்று துடைக்கிறாள், துடைத்ததற்கு வருத்தப்படுகிறாள். சோடா வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்திருக்கிறாள். அவர் மூக்கு எந்தப் பக்கம் வளைந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறாள், நினைவுக்கு வரவில்லை. பயந்துபோகிறாள்.

ஆச்சிமாரின் கை நின்றுவிட்டது. சிகப்பி ஆச்சிகூட யோசனை சொல்லவில்லை. நாச்சம்மையின் புருஷன் கடல் தாண்டி மலாயாவில், ஈப்போவில் இருந்தார். அவள் முடைந்த கொட்டானை மடியில் வைத்துக்கொண்டு நாகவல்லியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வண்டி வந்தது. தகரப்பெட்டியோடு ஒருவர் இறங்கினார்.

"'அவர் அவளைப் பார்த்தார்'" என்று வாசித்து நாகவல்லி நிறுத்தினாள்.

"ஊம்" என்றார் உண்ணாமலை ஆச்சி, நன்றாக நீட்டி.

"அவ்வளவுதான் ஆச்சி."

"அவ்வளவுதான்னா? பாத்தாருன்னு போட்டிருக்கே, அதுக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு?"

நாகவல்லி பக்கத்தை உற்றுப் பார்த்தாள். உள்ளதைச் சொன்னாள்.

"மூணு புள்ளி போட்டிருக்கு ஆச்சி."

சிகப்பி ஆச்சியின் கையிலிருந்து ஓலை கீழே விழுந்தது. "மூணு புள்ளியா!"

மற்ற ஊரில் புள்ளி என்றால் கோலத்துக்கு வைப்பது. நகரத்தார் வீட்டில் புள்ளி என்றால் குடும்பம். கல்யாணமான ஆணும் பெண்ணும் சேர்ந்தால் ஒரு புள்ளி. கோயில் வரி புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் போடுவார்கள், ஊர் பெரிதா சிறிதா என்பதைப் புள்ளியை எண்ணித்தான் சொல்லுவார்கள். கப்பலேறிப் போன ஆம்பளைக்கு மூன்று புள்ளி என்றால் என்ன பொருள் என்று யாரும் அந்த ஆச்சிமாருக்கு விளக்க வேண்டியதில்லை.

"நான் அப்பவே நெனச்சேன்" என்று பொரிந்தார் சிகப்பி ஆச்சி. "பத்து வருசம் அங்குட்டே இருந்தவன் சும்மாவா இருப்பான்? இங்குட்டு இவ ஒரு புள்ளி. அங்குட்டு ரெண்டு! அதையும் புள்ளியில சேத்துட்டானா? எந்தக் கோயில்ல சேத்தாக? கேக்க ஆளில்லையா?"

"ஆச்சி, அது அந்தப் புள்ளி இல்ல..." என்று நாகவல்லி தொடங்கினாள். யார் காதில் விழுந்தது? நாச்சம்மை கொட்டானை அப்படியே போட்டுவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமி அறைக்குப் போய்விட்டாள். உண்ணாமலை ஆச்சி எழுந்தார். ஊம் போடவில்லை.

"புத்தகத்த மூடு" என்றார்.

ஊர்வாயை மூட உலைமூடி ஏது? பொழுது சாய்வதற்குள் விஷயம் நாலு வீடு தாண்டியது. மறுநாள் சாக்கோட்டை போய்ச் சேர்ந்தபோது அதற்குக் கையும் காலும் முளைத்திருந்தன. அக்கரையில் கட்டிக்கொண்டவர்களையும் புள்ளியில் சேர்க்க வேண்டும் என்று ஒரு பத்திரிகையில் எழுதிவிட்டார்களாம், மலையாண்டி செட்டியார் வீட்டில் அதை உட்கார்ந்து பாராயணம் பண்ணுகிறார்களாம். பாவம், அந்த வருஷம் கோயிலில் புள்ளி எண்ணுகிற பொறுப்பு அவர் தலையில்தான் இருந்தது. சாமி கும்பிடப் போன இடத்தில் நாலு பேர் அவரைச் சுற்றிக்கொண்டு கேட்டார்கள். செட்டியார் சுண்டைக்காய் வற்றலாய்ச் சுருங்கி வீடு வந்தார்.

"இனிமே இந்த வீட்டுல கதைப் புஸ்தகம் நுழையக் கூடாது" என்று முகப்பிலிருந்தே உத்தரவு போட்டார். "பொழுது போகலைன்னா புராணம் வாசிக்கட்டும். அதுக்கு ஆளை நான் அனுப்புறேன்."

நாகவல்லி மறுபடி புளிக்கு முன்னால் உட்கார்ந்தாள். வேலைக்கு அவள் அஞ்சியவள் இல்லை. புளி என்ன செய்தது பாவம், கொட்டையை எடுத்தால் வந்துவிட்டுப் போகிறது. ஆனால் அடுத்த மாதம் சாதிக் அலி கடைக் கயிற்றில் அந்தப் புத்தகம் தொங்கும். ஈ உட்காராமல் தொங்கும். முள்ளிப்பள்ளத்தான் என்ன எழுதியிருப்பார் என்று தெரியாமலே மாதம் போகும். அதைவிட, அந்த ரயிலடிக் கதையில் ஆச்சிமார் கை நின்றதை அவள் பார்த்திருக்கிறாள். மூன்று பேருடைய கை. இத்தனை நாள் அவள் ஏங்கியது வாசல்வரை வந்து திரும்பிப் போவதா? தப்பு யார் மேலும் இல்லை, ஒரு சொல் மேல்தான். அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்க அவளால் முடியவில்லை.

செட்டியார் முகப்பில் தனியாக வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நேரம் பார்த்துப் போய், தூண் ஓரமாக நின்றாள்.

"ஐயா, அது குடும்பப் புள்ளி இல்லய்யா. எழுத்துல வைக்கிற புள்ளி. கோலத்துக்கு வைக்கிறாப்புல."

செட்டியார் நிமிர்ந்தார். "எழுத்துப் புள்ளியா? எதுக்கு வச்சிருக்கான்?"

"அதுக்கு மேல நம்மளே நெனச்சுக்கிறதுக்குய்யா."

"புஸ்தகத்துக்குக் காசு குடுக்கிறது நாங்க. நெனச்சுக்கிறதும் நாங்கதானா? அப்ப அவனுக்கு என்ன வேலை?"

நியாயமான கேள்விதான். நாகவல்லி வாயில் வந்ததைச் சொன்னாள்.

"ஒரு தடவ நீங்களே கேட்டுப் பாருங்கய்யா. கேட்ட பெறகும் வேணாம்னா நான் ஆயுசுக்கும் புளி ஆயுறேன்."

செட்டியார் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்து கொஞ்ச நேரம் அவளைப் பார்த்தார். கோபத்தில் இருந்தாலும் வியாபாரி. சரக்கைப் பார்க்காமல் தள்ளுவது அவருக்கே பிடிக்காது.

"நாளைக்கு வாசி" என்றார்.

மறுநாள் இரண்டாங்கட்டு நிலைக்கு அந்தப் பக்கம் அவருக்கு நாற்காலி போட்டார்கள். பெண்கள் இருக்கிற இடத்துக்குள் வர மாட்டார். வெளியே பார்த்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தார். இந்தப் பக்கம் மூன்று ஆச்சிமாரும் கொட்டானோடு உட்கார்ந்தார்கள். பெரிய வீட்டில் புருஷனும் பெண்டாட்டியும் நாலு பேர் நடுவில் பேசிக்கொள்கிற வழக்கம் இல்லை. உண்ணாமலை ஆச்சி அந்த நாற்காலி இருக்கிற திசையையே பார்க்காமல் ஓலையை நறுக்கிக்கொண்டிருந்தார்.

நாகவல்லி புத்தகத்தைப் பிரித்து வாசிக்கத் தொடங்கினாள். அந்த ரயிலடி, துடைத்த மஞ்சள், குடிக்காத சோடா எல்லாம் ஒவ்வொன்றாக வந்தன. மூக்கு நினைவுக்கு வராமல் அவள் பயந்துபோகிற இடத்தில், நிலைக்கு அப்பாலிருந்து "ம்" என்று ஒரு சத்தம் கேட்டது. ஆம்பளை ஊம். நாகவல்லி புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் மேலே போனாள்.

"'அவர் அவளைப் பார்த்தார்.' இங்கன மூணு புள்ளி. எழுத்துப் புள்ளி" என்று அழுத்தமாகச் சொல்லி முடித்தாள்.

"அப்ப அவனுக்கு அங்குட்டு யாரும் இல்லையா?" என்றார் சிகப்பி ஆச்சி, கொஞ்சம் ஏமாற்றத்தோடு.

"இல்ல ஆச்சி."

"பெறகு என்னதான் செஞ்சான்?"

"அத நீங்கதான் சொல்லணும். அதுக்குத்தான் விட்டு வச்சிருக்காரு."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கதையைத் தங்களிடம் கொடுத்துவிட்டு ஒருவன் ஒதுங்கி நிற்பான் என்று அவர்கள் கனவிலும் நினைத்ததில்லை. நாச்சம்மைதான் முதலில் வாயைத் திறந்தாள். "'ஏன் இப்படி எளச்சுப்போயிட்ட'ன்னு கேட்டிருப்பாக" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அவள் அதைப் பலநாள் ஒத்திகை பார்த்து வைத்திருப்பாள்போல.

"எளச்சாளாம்! மொதல்ல பெட்டிய எண்ணியிருப்பான்" என்றார் சிகப்பி ஆச்சி. "செட்டிப்புள்ளைக்குச் சாமான் எறங்குச்சான்னு பாத்த பெறகுதான் பெண்டாட்டி புள்ளையெல்லாம்."

எல்லாரும் சிரித்தார்கள். நாற்காலிகூட லேசாகக் குலுங்கியது. உண்ணாமலை ஆச்சி மட்டும் சிரிக்கவில்லை. ஓலையைக் கீழே வைத்தார்.

"அவளைப் பாத்தான்" என்று மெதுவாகத் தொடங்கினார். "ஆனா அவதான்னு அவனுக்குத் தெரியல. பக்கத்துல இன்னொருத்தி நின்னா. சிவப்பா, ஒசரமா, கண்ணுக்கு நெறைவா இருந்தா. அவதான் தன் பெண்டாட்டின்னு நெனச்சு, ஆசையா வாங்கியாந்த தந்தச் சீப்ப அவ கையில குடுத்துட்டான்."

"ஆத்தாடி! யாரு ஆச்சி அந்த இன்னொருத்தி?" என்றாள் நாச்சம்மை.

"அவனோட அண்ணமிண்டி."

அண்ணமிண்டி என்றால் அண்ணன் மனைவி. சிகப்பி ஆச்சி தொடையில் தட்டிக்கொண்டு விழுந்து விழுந்து சிரித்தார். "நல்ல கூத்துடி இது! எனக்குக்கூட எங்க கொழுந்தனாரு ரங்கூன்லேருந்து வந்த அன்னைக்கு ஒரு தந்தச் சீப்பு..."

அவ்வளவுதான். வாய் திறந்தது திறந்தபடியே நின்றுவிட்டது.

கொழுந்தனார் நிலைக்கு அந்தப் பக்கம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாச்சம்மை முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். நாகவல்லி புத்தகத்தை மடியில் கவிழ்த்தாள். கதை வாசித்ததுதான் அவள் செய்த காரியம். அது எந்த வீட்டு எந்தப் பெட்டியைத் திறந்துவிட்டது என்று இப்போதுதான் புரிந்தது.

"நாகவல்லி" என்றார் செட்டியார், திரும்பாமலே.

"ஐயா."

"அந்த ஆளு பக்கத்தையும் யாராவது சொல்லணும்ல. கல்யாணம் முடிஞ்ச கையோட அவன் கப்பலேறுறப்ப அவளுக்குப் பன்னெண்டு வயசு. அவன் கண்ணுல இருந்தது அந்தப் புள்ளை மொகந்தான். ஆறு வருசம் கழிச்சு வந்து நிக்கிறான், வாசல் நெறையப் பொம்பளைக. இதுல எவ என் பெண்டாட்டின்னு யாருகிட்டப் போயிக் கேப்பான்? ஒரு குத்துமதிப்பாக் குடுத்துட்டான். குடுத்த பெறகு தெரிஞ்சு போச்சு. திருப்பிக் கேக்க முடியுமா?"

ரயிலடியில் வாசல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

"நாகவல்லி" என்றார் உண்ணாமலை ஆச்சி, இந்தப் பக்கம் ஓலையைப் பார்த்தபடி. "திருப்பிக் கேக்க வேணாம். அவகிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல? அதக் கேளு."

நாகவல்லி யாரைக் கேட்பது? கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

"அவனுக்குப் பயம்" என்றார் செட்டியார். "அவளுக்குத் தெரியாதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்துட்டான்."

"தெரியாம என்ன? அவ அங்கனதான நின்னா. சீப்பு போனது அவளுக்குப் பெருசில்ல. 'உன்ன அடையாளமே தெரியலடி'ன்னு ஒரு வார்த்தை அவன் சொல்லியிருந்தா, 'உங்களையும் எனக்குத் தெரியல'ன்னு அவளும் சொல்லியிருப்பா. அவளுக்கு மட்டும் என்ன, மூக்கு எந்தப் பக்கம் வளைஞ்சிருக்கும்னு ஞாபகமா இருந்துச்சு? ரெண்டு பேரும் சேந்து சிரிச்சிருக்கலாம். முப்பது வருசச் சிரிப்பு வீணாப் போச்சு."

நாற்காலி கிரீச்சிட்டது. செட்டியார் சிரித்தார். முதலில் மூக்கால், பிறகு வயிற்றால், கடைசியில் இருமல் வருகிறவரை சிரித்தார். உண்ணாமலை ஆச்சி அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார், துடைத்துக்கொண்டே மறுபடி சிரித்தார். "அந்தச் சீப்ப நான் இன்னைக்கே குடுத்துர்றேன்" என்று சிகப்பி ஆச்சி கத்தியது யாருக்கும் கேட்கவில்லை.

நாகவல்லி மடியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அழுகையும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. ஒருத்தராவது தன்னோடு சேர்ந்து ருசிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டவள், ஒரு வீடே கதைக்குள் இறங்கி நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முள்ளிப்பள்ளத்தான் இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்றுதான் அவளுக்கு இருந்தது.

"அந்த ஆளு ஒவ்வொரு மாசமும் எழுதுவானா?" என்று செட்டியார் கேட்டார்.

"எழுதுவாருய்யா."

"அப்ப மாசாமாசம் வரட்டும்."

"அது கெடக்கட்டும்" என்றார் உண்ணாமலை ஆச்சி. இந்தத் தடவை நாகவல்லி வழியாகச் சொல்லவில்லை, நேராகவே நிலையைப் பார்த்துச் சொன்னார். "இதையே இன்னொருக்க கேப்போம். அவசரமில்லைன்னா இருந்து கேட்டுட்டுப் போங்க."

செட்டியார் எழுந்தார். போகிறார் என்றுதான் நாகவல்லி நினைத்தாள். அவர் நாற்காலியைத் தூக்கி, முகம் இந்தப் பக்கம் இருக்கும்படி திருப்பிப் போட்டு, ஆச்சிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"மொதல்லேருந்து வாசி" என்றார்.